இரவல் போன மண்பேழை

எந்த மண்பாண்டத்தைக் கையில் எடுத்தாலும் சமதியா முதலில் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்ப்பாள். தண்ணீர்ச் சாடி, கஞ்சிச் சட்டி, யார் வீட்டு விருந்திலாவது நீட்டப்படும் மதுக் கிண்ணம், எதுவானாலும் ஒரு தட்டு. தலையைச் சற்றுச் சாய்த்து ஓசை அடங்கும்வரை கேட்பாள். அதற்குப் பிறகுதான் வாயருகே கொண்டுபோவாள்.

“உள்ள யாராச்சும் இருக்காங்களா?” என்று பக்கத்து வீட்டுக் குகசோ கேலி செய்வான்.

“இருந்தா குரல் குடுக்கட்டுமேன்னுதான் மாமா,” என்பாள் சமதியா. “உங்க வீட்டுச் சாடிக்குச் சளி புடிச்சிருக்கு. அடுத்த மழைக்குத் தாங்காது.”

தாங்காது என்று அவள் சொன்ன சாடிகளில் பாதி இன்னும் உடையாமல் இருக்கின்றன.

குகசோவின் மனைவி கினா இந்தப் பேச்சுக்குச் சிரிக்க மாட்டாள். அந்தத் தட்டலை அவள் வருடக்கணக்காகக் கேட்டு வந்தாள். அது எந்த நாளில் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். கினாவுக்கு வர வேண்டியிருந்த ஈமப்பேழை ஒன்றால்தான் அது தொடங்கியது.

சமதியா அந்த மேட்டு ஊரில் பிறந்தவள் அல்ல. அரண்மனை நெசவுக்கூடத்தில் தறிகளுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள். அவள் அம்மா பார்லிக்கும் அத்திப்பழத்துக்கும் அங்கே கம்பளி நூற்றாள். அப்பா யார் என்று கேட்டால், “தறியக் கேளு, அது ஒண்ணுதான் கூட இருந்துச்சு” என்பாள் சமதியா. அரண்மனை மந்தையை மேய்த்த ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு அழைத்து வந்தான். அவள் நடந்துகொண்டே நூற்பாள், பேசிக்கொண்டே நூற்பாள், சண்டை போட்டுக்கொண்டும் நூற்பாள். தக்களி கையில் இல்லாமல் அவளைப் பார்த்தவர் குறைவு. ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தபின் மேய்ப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். குடும்பக் கல்லறையின் தரையில் அவனைப் பாயோடு கிடத்திவிட்டு வந்த மறுநாள் காலையே அவள் வாசலில் உட்கார்ந்து நூற்கத் தொடங்கினாள். கினாவுக்கு அவளிடம் பிடித்தது அதுதான். பிடிக்காததும் அதுதான்.

கினாவின் பேழை அப்போது அவர்கள் வீட்டு மூலையில் நின்றது. நான்கு குட்டைக் கால்கள், கூரைபோல் இருபுறமும் சரிந்த மூடி. வெளிர்ப் பூச்சின்மேல் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பேய்க்கணவாய், எட்டுக் கைகளையும் நெளித்து நீண்ட பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. கினா கடலோரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மற்றவர்களைப் போல மாட்டுக்கொம்போ காட்டாடோ வேண்டாம், கணவாய்தான் வேண்டும் என்று கேட்டு வரையச் செய்தாள்.

கொஞ்சம் எண்ணெயும் கம்பளியும் கையில் மிஞ்சினால் உயிரோடு இருக்கும்போதே பேழை செய்து வைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். செத்த பிறகு செய்ய முடியாது. அவ்வளவு கனமான மண் காய்வதற்கு ஒரு கோடை முழுவதும் வேண்டும். பிணம் காத்திருக்காது. வேளை வரும்வரை அதற்குள் கம்பளியை அடைத்து வைப்பார்கள், பூச்சி அண்டாது. பேச்சில் யாரும் பேழை என்று சொல்வதில்லை, பெட்டி என்றுதான்.

அளவெடுப்பதற்காகக் குயவன் கோமவே கினாவைத் தன் முற்றத்தில் பாயில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னான். முழங்கால் நெஞ்சைத் தொட வேண்டும். உள்ளே அப்படித்தான் வைப்பார்கள்.

“இன்னுங் கொஞ்சம் மடங்கும்மா.”

“செத்தப்புறம் மடங்குறேன். இப்ப இடுப்பு புடிச்சுக்குது.”

“அப்ப பெட்டி பெருசாவும். ஒரு ஆடு சேத்துக் குடுக்கணும், பரவாயில்லையா?”

கினா மடங்கினாள்.

அவள் பேழைக்கு ஆசைப்பட்டது பெருமைக்காக அல்ல. பேழைக்குள் போனவர் பேழைக்குள்ளேயே இருப்பார். தரையில் கிடத்தப்பட்டவர் கல்லறைக்கு அடுத்தவர் வரும்வரைதான் அந்த இடத்தில் இருப்பார். கினாவின் அண்ணன் இறந்தபோது அவர்கள் குடும்பக் கல்லறையைத் திறந்தார்கள். புதியவருக்கு இடம் வேண்டும். உள்ளே போன ஆட்கள் தரையில் கிடந்ததைக் காலாலும் மட்டையாலும் சுவரோரம் ஒதுக்கினார்கள். யாரும் அவமரியாதையாக எதுவும் செய்யவில்லை. வேலை வேலையாக நடந்தது. ஒதுக்கிய குவியலில் அவள் அம்மாவின் நீலப் பாசிமணிகள் தெரிந்தன. எந்த எலும்பு அம்மாவுடையது, எது அதற்குமுன் போன அத்தையுடையது என்று தெரியவில்லை. கினா அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து பயறு வேகவைத்தாள். அந்த வருடத்திலிருந்து கம்பளி சேர்க்கத் தொடங்கினாள்.

இந்தக் கதையைக் கினாவே ஒருநாள் சமதியாவிடம் சொல்லியிருந்தாள்.

சமதியாவின் மகன் கேரியோ காட்டாட்டுக் குட்டியைத் துரத்திக்கொண்டு போய்ப் பாறையிலிருந்து விழுந்தான். மீசை அரும்பியிருந்த வயது. அந்தத் தெருவிலேயே அவன்தான் உயரம். கோடையின் நடுவில், உச்சி வெயிலில் தூக்கி வந்தார்கள். உடம்பு விறைப்பதற்குள் மடக்க வேண்டும். மடக்கி எதில் வைப்பது?

சமதியா கினாவின் வீட்டுக்குள் வந்தாள். கினாவைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அக்கா, அவனைத் தரையில போட மாட்டேன். அவங்கப்பனை வேணா ஓரமாத் தள்ளட்டும், அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எம்புள்ளைய யாரும் காலால ஒதுக்கக் கூடாது.”

“எடுத்துக்கோ,” என்றாள் கினா.

அதைச் சொன்னது தான்தானா என்று பின்னால் அவள் பலமுறை யோசித்துப் பார்த்தாள். இரக்கத்தில் சொன்னேனா? அந்த நேரத்தைத் திரும்பத் திரும்பத் தேடினாலும் இரக்கம் என்று ஒன்று அங்கே தட்டுப்படவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமா? ஊரில் மறுத்தவர்கள் உண்டு, அவர்களோடு யாரும் பேச்சை நிறுத்திவிடவில்லை. வாய் சொன்னது, கைகள் பேழையிலிருந்த கம்பளியை அள்ளித் தரையில் வைத்தன. அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது.

அது கினாவின் அளவுக்குச் செய்த பேழை. பையனை எப்படி மடக்கியும் மூடி உட்காரவில்லை. இரண்டு பேர் தோளை அழுத்தினார்கள். சமதியா “மெதுவா” என்று ஒருமுறை சொன்னாள். மூடி உட்கார்ந்ததும் வெளிப்பக்கத்தில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“கடலையே பாத்ததில்ல இந்தப் பய,” என்றாள். “கணவாயோட எப்படித் தூங்குவானோ.”

இரவல் பேழைக்கு அந்த ஊரில் முறைகள் உண்டு. வாங்கியவர் இன்னொன்று செய்து தர வேண்டும். தராமலே போனால், உள்ளே இருப்பவரின் சதை போய் எலும்பு காய்ந்தபின், அந்தக் கல்லறை அடுத்து எப்போது திறக்கிறதோ அப்போது, கொடுத்தவர் எலும்புகளைத் தரையில் கொட்டிவிட்டுத் தன் பேழையை எடுத்துப் போகலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். இன்னொரு முறையும் இருந்தது. பாக்கி நிற்கும்போது கொடுத்தவரே தனக்கென்று புதிதாக ஒன்று செய்யச் சொன்னால், பாக்கி தள்ளுபடி ஆகிவிட்டது என்று பொருள். வாங்கியவருக்குத் திருப்பித் தர வக்கில்லை என்று ஊரறியச் சொன்னதும் ஆகும். சமதியாவின் முகத்தில் அப்படி அடிக்கக் கினாவுக்கு மனமில்லை. ஆகவே காத்திருந்தாள்.

சமதியா மறு வருடமே கோமவேயிடம் சொல்லி மண் பிசையச் செய்தாள். நெசவுக்கூடத்துக்குப் போக வேண்டிய நூலுக்கு மேல் ராத்திரியில் நூற்று அவனுக்குக் கொடுத்தாள். பேழை உருவாகி, படமும் வரைந்து, நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. கோடை பிந்தி வந்த வருடம் அது. மேகம் கூடத் தொடங்கியதும் சமதியா தக்களியோடு போய்க் குயவன் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“மழை வந்தா அடுத்த வருசம் ஆயிரும். சூளையில வெச்சிருங்கண்ணே.”

“உள்ள ஈரம் இருக்கு.”

“வெளிய காஞ்சிருச்சே. கை வெச்சுப் பாருங்க.”

“வெளிய காஞ்சா போதுமா? இது என்ன உன் துணியா, கொடியில போட்டு எடுக்கறதுக்கு?”

“அந்தக்கா நடுவுல போய்ட்டா என்ன பண்ணுவேன்? நல்லா யோசிச்சுப் பாருங்க.”

அவள் நாள் முழுவதும் அங்கேயே இருந்தாள். மறுநாளும் வந்தாள். கோமவேக்கு அவள் பேச்சைவிட அவள் தக்களி சுற்றும் சத்தம் தாங்க முடியவில்லை. வைத்துவிட்டான். வைத்த அன்றே சூளைக்குள் அது வெடித்தது. மேட்டு ஊர்வரை சத்தம் கேட்டது. இடி என்று நினைத்துக் கினா வெளியே காயப்போட்ட அத்திப்பழத்தை உள்ளே எடுத்து வைத்தாள்.

சூளை ஆறியபின் சமதியா உள்ளே கை விட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளியே வைத்தாளாம். பிறகு, அதே சூளையில் உடையாமல் தப்பியிருந்த சாடிகளையும் சட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கோமவே போய்த் தோளைத் தொடும்வரை நிறுத்தவில்லை.

கினாவிடம் வந்து, “வெடிச்சிருச்சுக்கா. நான்தான் அவசரப்படுத்துனேன்” என்றாள்.

“சரி,” என்றாள் கினா.

“திட்டேன்.”

“திட்டுனா ஒட்டிக்குமா?”

உள்ளேயிருந்து குகசோ சொன்னான்: “இதுக்குப் போய் ரெண்டு பேரும் முகத்தைத் தொங்கப் போடுறீங்க. கினா சாகாம இருந்துட்டா முடிஞ்சுது.”

அடுத்த பேழைக்குக் கோமவே யார் பேச்சையும் கேட்கவில்லை. அது இரண்டு கோடை எடுத்தது. நன்றாக வெந்து வந்தது. சமதியா எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். மறுநாள் காலையில் ஆள் வைத்துத் தூக்கி வருவதாகக் கினாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். கினா மூலையைப் பெருக்கி வைத்தாள். தரையில் குவிந்து கிடந்த கம்பளியை உதறிப் பிரித்து வைத்தாள்.

மறுநாள் சமதியா தனியாக வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

“பெட்டி எங்க?”

“உபரா வந்தா.”

உபரா கீழ்த்தெருக்காரி. அவள் மகளுக்கு முதல் பிரசவம். விடிவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

“ரெண்டையும் சேத்துத் தரையில போடணுமேன்னு வந்து நின்னா. நான் என்னக்கா சொல்லுவேன்?”

“இல்லேன்னு சொல்லியிருக்கலாம்.”

“நீ சொன்னியா?”

கினா தூணில் சாய்ந்துகொண்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்பதுபோல் மனதுக்குள் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

“அது உன்னுது இல்ல சமதியா. என்னுது.”

“தெரியும். உபராவும் அதான் சொன்னா, உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வான்னு. நான்தான் கேக்கல.”

“ஏன்?”

“கேட்டா நீ குடுத்துருவே. அப்புறம் அவ உனக்குப் பாக்கின்னு ஆயிரும். எம்பாக்கி எங்கிட்டயே இருக்கட்டும்.”

கினா பெருக்கி வைத்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அதுல என்ன வரைஞ்சிருந்தான்?” என்று கேட்டாள்.

“கணவாய்தான். நீ கேட்ட மாதிரி. கண்ணு மட்டும் கொஞ்சம் பெருசு.”

“ஊர்ல எல்லாரையும் அனுப்பி வெச்சுட்டுத்தான் ரெண்டு பேரும் ஓய்வீங்க போல,” என்றான் குகசோ. அதற்கு இருவருமே சிரிக்கவில்லை.

உபரா திருப்பித் தருவதாகத்தான் சொன்னாள். அடுத்த வருடம் அவள் கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார்கள்.

அதன்பின் வந்த வருடங்கள் மெலிந்தவை. மழை பொய்த்து ஆடுகள் செத்தன. இருந்த கம்பளி முழுவதும் அரண்மனைக்கே போதவில்லை. சமதியாவின் மகள் ரிசூரா வளர்ந்து, தாயோடு சேர்ந்து நூற்றாள். இருவர் நூற்றும் சாப்பாட்டுக்குத்தான் ஆயிற்று. ஆனாலும் மழை பெய்த மறுநாள் முதலில் பொறுக்கிய நத்தைகள் கினா வீட்டுக்குத்தான் வரும். முதல் பாலாடைக்கட்டி வரும். கினாவுக்குக் காய்ச்சல் என்றால் சமதியா வந்து அடுப்பு மூட்டுவாள். அது அக்கறையா, வட்டியா, அல்லது கினா செத்துவிடக் கூடாதே என்ற கவலையா என்று கினாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்ப்பதால் என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. நத்தைகளைக் கழுவி எண்ணெயில் போட்டாள். நன்றாகவே இருந்தன.

ஒருமுறை ஓடையில் இருவரும் கம்பளிப் போர்வை துவைத்துக்கொண்டிருந்தபோது சமதியா கேட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். வெளிப்படையாச் சொல்லணும்.”

“கேளு.”

“எப்பவாச்சும் எங்க கல்லறையத் தெறந்தா, அவனை வெளிய கொட்டிட்டுப் பெட்டிய எடுத்துப்பியா?”

கினா போர்வையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் அடித்தாள். தன் அம்மாவை நினைத்தாள். நீல மணிகளை நினைத்தாள். தன்னையே சுவரோரம் ஒதுக்கும் மட்டையை நினைத்தாள். அந்தப் பையனின் தோளை இரண்டு பேர் அழுத்தியதை நினைத்தாள். எதுவும் எதையும்விடக் கனமாக இல்லை.

“தெரியல,” என்றாள்.

சமதியா தலையை அசைத்தாள். போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கிப் பிழிந்தார்கள். அந்தக் கேள்வியை அவள் பிறகு கேட்கவே இல்லை.

எடுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். கினாவுக்கு அது தெரியும். சொன்னால் அது பொய்யாக இருக்கலாம் என்பதால்தான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் சில நாட்களில், விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும்போது, வேறொன்றும் தோன்றும். கையில் ஒரு பிடி இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேனோ? சமதியாவைப் பயத்திலேயே வைத்திருந்தால்தான் பெட்டி வரும் என்று நினைத்தேனோ? அப்படியும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி தெரியவில்லை. தூங்கிவிடுவாள்.

சமதியாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது ஒலிவப்பழம் பறிக்கும் காலத்தில். முதலில் நூற்றுக்கொண்டேதான் இருமினாள். பிறகு தக்களி கையிலிருந்து நழுவிப் போயிற்று. கினா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேன் கலந்த வெந்நீர் கொடுத்தாள். சமதியா கிண்ணத்தைத் தட்டாமலே குடித்தாள். கினா அதைக் கவனித்தாள்.

“ரிசூராகிட்டச் சொல்லிட்டேன்,” என்றாள் சமதியா. “என்னைத் தரையிலயே போடச் சொல்லிட்டேன். அவன் பெட்டியில சேத்துற வேணாம். எனக்கு எடம் பண்ணணும்னா அவனை ஒரு பக்கமாத் தள்ளணும்ல.”

“ம்.”

“உன் பெட்டின்னு சொல்லணும். அவன் பெட்டின்னு சொல்லிட்டேன் பாரு.”

“இன்னுங் கொஞ்சம் குடி.”

சமதியா கினாவின் முகத்தையே பார்த்தாள். கல்லறை அவளுக்காகத் திறக்கும். பேழைக்காரி அங்கே வந்து நிற்பாள்; எடுப்பாளா, மாட்டாளா? அவள் கேட்க நினைத்தது அதுதான், கேட்கவில்லை. கினா சொல்ல வேண்டியதும் அதுதான், சொல்லவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் கழித்துச் சமதியா போய்விட்டாள்.

கருவாலி மரங்களுக்கு நடுவே, பாறையில் சரிவாக வெட்டிய பாதையில் நிரம்பியிருந்த மண்ணையும் கல்லையும் ஆட்கள் ஒரு பகல் முழுக்க அள்ளினார்கள். வாயிலை அடைத்திருந்த சுவரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. சமதியாவின் கொழுந்தன்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து கினாவைக் கூப்பிட்டான்.

“ஏம்மா கினா, பெட்டி உன்னுது. நல்லாத்தான் இருக்கு, ஒரு கீறல் இல்ல. எலும்பு காஞ்சு கெடக்கு. எடுத்துக்கறதுன்னா இப்பவே எடுத்துக்க. எங்க வீட்ல யாரும் உம்மேல வருத்தப்பட மாட்டோம்.”

“அம்மா வேற ஒண்ணு செஞ்சு தரணும்னுதான்…” என்று தொடங்கிய ரிசூரா நிறுத்திக்கொண்டாள்.

“உங்கம்மா செஞ்சு தரல இல்ல? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல பாப்பா?” என்றான் கொழுந்தன். அவன் கெட்டவன் அல்ல. முறை தவறாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

கினா குனிந்து உள்ளே போனாள். விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார்கள். கணவாய் அப்படியே இருந்தது. இரண்டு ஆட்கள் அவள் வார்த்தைக்குக் காத்திராமல் மூடியைத் தூக்கிச் சாய்த்து வைத்தார்கள்.

தொடை எலும்புகள் நீளமாக, நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன; மண்டை ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. பேழையின் உட்சுவரில் மீன்கள் வரைந்திருந்தன. வரிசையாகச் சின்ன மீன்கள். கோமவே கேட்காமலே வரைந்திருக்கிறான். பேழை வீட்டுக்கு வந்த நாளிலேயே அவள் அதில் கம்பளியை அடைத்துவிட்டாள், கம்பளியை வெளியே எடுத்த நாளில் எதையும் பார்க்கவில்லை. இவ்வளவு வருடம் அவளுக்கென்று வரைந்த மீன்கள் அங்கே இருந்தன என்பதே தெரியாது.

இப்போது ஏதாவது தோன்றும் என்று அவள் காத்திருந்தாள். ஆட்களும் காத்திருந்தார்கள். விளக்கு புகைந்தது. வெளியே யாரோ தும்மினார்கள். இதைக் கவிழ்த்தால் ஒரு நொடி வேலை. பிறகு இது அவளுடையது. அவளை யாரும் ஒதுக்க முடியாது. அந்த ஒரு நொடியை அவள் கண்ணால் பார்த்தாள். எலும்புகள் தரையில் விழும் ஓசையைக்கூடக் கேட்டாள்.

“மூடுங்க,” என்றாள்.

“அப்ப அண்ணிய அதுக்குள்ளயே…”

“அவ சொன்ன எடத்துல வைங்க.”

சமதியாவைப் பேழைக்கும் சுவருக்கும் நடுவில், தரையில், ஒருக்களித்து மடக்கிக் கிடத்தினார்கள். தலைமாட்டில் எண்ணெய்ச் சிமிழ் ஒன்றும் தக்களியும் வைத்தாள் ரிசூரா. வெளியே வந்து எல்லோரும் மது குடித்துக் கிண்ணங்களை வாயிலில் போட்டு உடைத்தார்கள். பெண்கள் வந்து கினாவின் தோளைத் தொட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். கினா ஆட்கள் கல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பசித்தது.

திரும்பி நடக்கும்போது ரிசூரா கூட வந்தாள்.

“பெரியம்மா, அது இனிமே எம்பாக்கி.”

“சரி.”

“சும்மா சொல்லல. தருவேன்.”

“சரிம்மா. தலையில கெடக்கற மண்ணத் தட்டு.”

அந்தக் குளிர்காலத்திலேயே ரிசூரா அரண்மனை நெசவுக்கூடத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒருவனைக் கட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. பிறகு குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. பெட்டியைப் பற்றிச் செய்தி வரவில்லை. நெசவுக்கூடத்துக் கூலியில் என்ன மிஞ்சும் என்று கினாவுக்குத் தெரியும்.

இந்த வருடம் கினாவும் இருமுகிறாள். ஒருநாள் குகசோ, கேலி இல்லாத குரலில் பேச்சை எடுத்தான்.

“எண்ணெய் ரெண்டு சாடி மிச்சமிருக்கு. கோடை வந்ததும் கோமவேகிட்ட உனக்கு ஒண்ணு சொல்லிருவோமா?”

“வேணாம்.”

“ஏன்? அவதான் போய்ட்டாளே. இனிமே யாருக்கு அவமானம்?”

“நாம சொன்னா பாக்கி தீந்துரும்.”

“தீரட்டுமே.”

கினா பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவ தர வேண்டியது,” என்றாள்.

“செத்தவ எப்படிடி தருவா? தரையில போட்டு ஒதுக்குவாங்களேன்னு இத்தன வருசம் பயந்தது நீதானே?”

பயம் இன்னும் இருந்தது. அது எங்கேயும் போகவில்லை. ஆனாலும் கோமவேயிடம் போய் மடங்கிப் படுத்து அளவு கொடுத்தால், சமதியாவுக்கும் தனக்கும் நடுவில் பிறகு ஒன்றுமே இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அது ஏன் முடியாத காரியமாகப் படுகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பொறுக்கிய கற்களை வாசலில் எறிந்துவிட்டு வந்து அடுப்பை ஊதினாள்.

கோடை வந்து போய்விட்டது. கோமவேயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சமதியா கினாவுக்குத் தர வேண்டிய பேழை இன்னும் பாக்கி நிற்கிறது.